வேலை நேரமும் தொழிலாளர் வாழ்வும்

ஒரு நாளுக்கு இருபத்து நான்கு மணி நேரம் என்பது அரசனுக்கும் ஆண்டிக்கும் பொதுவானது. ஆனால் அவற்றுள் எத்தனை மணி நேரம் ஒருவனுக்குச் சொந்தம் என்பது அவன் செய்யும் தொழிலைப் பொறுத்தது. கூலி உயர்வைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் வேலை நேரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எனினும், பொருளாதார மாற்றம் மனிதனின் உணவு, உறக்கம், குடும்பம், பொதுவாழ்வு ஆகியவற்றை எவ்வாறு மாற்றுகிறது என்பதற்கு வேலை நேரத்தின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று இல்லை எனலாம். இந்திய நெசவாலைகளை, சிறப்பாகச் சென்னைப் பெரம்பூர் ஆலைகளைக் கொண்டு அவ்வரலாற்றைக் காண்போம்.

ஆலைக்கு முன்

உழவரும் நெசவாளரும் அன்றும் கடுமையாகவே உழைத்தனர். கடனும் பஞ்சமும் சாதிக் கட்டுப்பாடும் அவர்களை வாட்டின. எனவே அக்காலத்தைப் பொற்காலம் என்று கூறுவது பொருந்தாது. ஆயினும் வேலையின் வேகத்தைப் பொழுதும் பருவமுமே வகுத்தன. நடவிலும் அறுப்பிலும் ஓய்வில்லை. கோடையில் வேலையே இல்லை. வீட்டுத் தறியில் நெய்தவன் உச்சிவேளையில் எழுந்து உண்ண யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நூல் சுற்றவும் பாவு ஓட்டவும் மனைவி மக்கள் உடனிருந்தனர். தொழிலும் குடும்பமும் ஒரே கூரையின்கீழ் இருந்தன.

சங்கு ஊதிய பின்

பம்பாயில் 1854-இல் முதல் பஞ்சாலை நிறுவனம் தோன்றியது. சென்னையில் பக்கிங்காம் ஆலை 1876-இலும், கர்நாடிக் ஆலை 1881-இலும் தோன்றின. நீராவி எந்திரம் ஒன்று சுழன்றால் நூற்றுக்கணக்கான தறிகள் உடன் ஓடும். எனவே தொழிலாளர் அனைவரும் ஒரே நேரத்தில் வந்து, ஒரே நேரத்தில் உண்டு, ஒரே நேரத்தில் செல்ல வேண்டியதாயிற்று. கடிகாரமே இல்லாத வீட்டில் வாழ்ந்தவன், சங்கொலிக்கு அஞ்சி விடியலுக்கு முன்பே எழுந்து நடந்தான். காலம் என்பது முதலாளி விலைக்கு வாங்கும் பொருளாயிற்று.

1881-ஆம் ஆண்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கலாகாது என்றது. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளோர்க்கு ஒன்பது மணி நேர வரம்பு விதித்தது. ஏழு வயதுக் குழந்தை ஒன்பது மணி நேரம் உழைக்கலாம் என்பதே அன்றைய 'பாதுகாப்பு' என்றால், சட்டம் இல்லாத காலத்தின் நிலையை நாம் ஊகிக்கலாம் அன்றோ? 1891-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்குப் பதினொரு மணி நேர வரம்பையும், நண்பகலில் அரை மணி நேர இடைவேளையையும், வார விடுமுறையையும் அளித்தது. வார விடுமுறைக்காகப் பம்பாயில் பாடுபட்டவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. வயதுவந்த ஆண்களுக்கோ எந்த வரம்பும் இல்லை.

விளக்கு தந்த இருள்

இங்கு ஓர் உண்மையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். பகல் வெளிச்சமே வேலையின் எல்லையாக இருந்த ஆலைகளில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்விளக்கு வந்தது. அறிவியலின் அருங்கொடையான அவ்விளக்கு தொழிலாளியின் சுமையைக் குறைத்ததா? இல்லை. பம்பாய் ஆலைகள் பல, நாளொன்றுக்குப் பதினான்கு, பதினைந்து மணி நேரம் ஓடின. விசாரணைக் குழுக்கள் அமைக்கப்பட்ட பிறகே, 1911-ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் பன்னிரண்டு மணி நேர வரம்பை விதித்தது. கருவி நேரத்தை மிச்சப்படுத்தலாம்; அம்மிச்சம் யாருக்கு என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை.

பெரம்பூரில் பிறந்த சங்கம்

அந்த மிச்சத்தில் தம் பங்கைக் கேட்கத் தொழிலாளர் ஒன்றுகூட வேண்டியிருந்தது. பெரம்பூரில் ஆன்மிகச் சொற்பொழிவு கேட்கக் கூடிய ஆலைத் தொழிலாளர் தம் குறைகளையும் பேசலாயினர். செல்வபதி செட்டியாரும் இராமாஞ்சலு நாயுடுவும் முயன்று பி.பி. வாடியாவை அழைத்துவர, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. தமிழ்த் தென்றல் திரு.வி.க. அதன் தூண்களுள் ஒருவரானார். நண்பகலில் உண்ண இன்னும் சிறிது நேரம் வேண்டும் என்பது தொழிலாளரின் முதற் கோரிக்கைகளுள் ஒன்று. சோற்றுக்காக உழைப்பவனுக்குச் சோறு உண்ண நேரமில்லை என்பதே அன்றைய நிலை!

1919-இல் வாஷிங்டனில் கூடிய முதல் அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு வாரத்திற்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு 60 மணி நேரம் என்று விலக்களித்தது. தொழிலாளர் பிரதிநிதியான என்.எம். ஜோஷியின் ஆலோசகராக வாடியா அங்குச் சென்றிருந்தார்.

வெற்றிப் பாதை நேரானதாக இல்லை. ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்கள்மீது வழக்குத் தொடுத்து உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. 1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது சாதி இந்துத் தொழிலாளரும் ஆதிதிராவிடத் தொழிலாளரும் இரு பிரிவாயினர். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஒரே தறிக்கூடத்தில் நின்றவர்களைச் சேரி என்றும் ஊர் என்றும் பிரித்த பழைய சுவர், ஆலை வாயிலோடு நின்றுவிடவில்லை. பொருளாதார மாற்றம் தானாகவே சமூக மாற்றத்தைக் கொண்டுவந்துவிடும் என்று நம்புவோர் இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனினும் அந்த வழக்கின் விளைவாகச் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்னும் குரல் வலுத்து, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. வார வேலை நேரம் 1922-இல் 60 ஆகவும், ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் 1934-இல் 54 ஆகவும், 1946-இல் 48 ஆகவும் குறைந்தது. ஒவ்வொரு மணி நேரக் குறைப்பின் பின்னும் ஒரு தலைமுறையின் போராட்டம் இருக்கிறது.

இன்றைய நிலை

பெரம்பூர் ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. சங்கொலி நின்றது, ஆனால் சிக்கல் நிற்கவில்லை. துணிக்கடையில் நாள் முழுதும் நின்று விற்பனை செய்வோர்க்கு இருக்கை தர வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. 2023 ஏப்ரல் 21 அன்று, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வார வரம்பு மாறாது, விடுமுறை நாள் கூடும் என்று ஆதரிப்போர் கூறினர். நாள்தோறும் உடல் தாங்கும் அளவு ஒன்று உண்டு என்று சங்கங்கள் மறுத்தன. கடும் எதிர்ப்பினால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. கைப்பேசிச் செயலி வழியே உணவு கொண்டுசெல்லும் இளைஞருக்கோ சங்கும் இல்லை, வாயிலும் இல்லை. விரும்பிய நேரத்தில் வேலை செய்யலாம் என்கிறார்கள். ஆனால் ஒரு நடைக்குக் கிடைக்கும் தொகை குறைந்தால், வயிறே சங்காக ஊதுகிறது.

முடிவுரை

எந்திரம் உற்பத்தியைப் பெருக்கும். அதனால் கிடைக்கும் ஓய்வைப் பங்கிடுவது சமுதாயத்தின் பொறுப்பு. மாலையில் பிள்ளையின் பாடத்தைக் கேட்கவும், செய்தித்தாள் படிக்கவும், கூட்டத்திற்குச் செல்லவும் நேரம் பெற்றவனே முழுக் குடிமகனாக முடியும். நாளை நம்மில் பலர் தொழிலாளராவோம், சிலர் மேலாளராவோம். எந்த நாற்காலியில் அமர்ந்தாலும், பணி ஆணையில் சம்பளத்தைப் படித்த பின் வேலை நேரத்தையும் படிப்போம். அந்தச் சிறிய வரியைப் பெறத் தொழிலாளர் பல தலைமுறைகள் போராடியுள்ளனர் என்பதை மறவாதிருப்போமாக!