வெல்டிங் புகையும் திங்கட்கிழமைக் காய்ச்சலும்

இரசாயனவியலில் நான் படித்த இரண்டு வெப்பநிலைகள், நம் பதுளைப் பட்டறைகளிலும் தோட்டத் தொழிற்சாலைகளிலும் உள்ள ஓர் ஆபத்தை விளக்குகின்றன. இரும்பு 1538 பாகை செல்சியஸில் உருகும். நாகமோ 907 பாகையிலேயே கொதிக்கும். ஆகவே நாகமுலாம் பூசிய குழாயை வெல்டிங் செய்தால், இரும்பு உருகுமுன் நாகம் ஆவியாகி, நாக ஒட்சைட்டு வெண்புகையாக எழும். அதன் நுண்துணிக்கைகள் நுரையீரலின் சிற்றறைகள் வரை செல்லும்.

அன்று மாலையே குளிரும் காய்ச்சலும் வரும். ஓய்வுக்குப் பிந்திய முதல் வேலைநாளில் கூடுதலாக வருவதால் இதைத் ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்பார்கள். ஓரிரு நாளில் மாறிவிடுவதால் தடிமன் என்றே எண்ணத் தோன்றும். ஆனால் வெல்டிங் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று 2017இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் முடிவு செய்தது.

கறுப்புக் கண்ணாடி கண்ணைத்தான் காக்கும். வாப்பாவோ நானாவோ இவ்வேலை செய்தால், முலாமை அகற்றி, காற்றோட்டமான இடத்தில், உரிய சுவாசக் கவசத்துடன் செய்யச் சொல்லுங்கள்.