பதில் பாட்டு எதிரொலியா?

அன்புள்ள நஸ்ரினுக்கு,

உன் கேள்வி வந்ததுமே பதில் எழுத உட்கார்ந்தேன். கோபம் தணியட்டும் என்று தாளை எடுத்துவைத்தேன். தணியவில்லை, எழுதிவிடுகிறேன்.

கோபம் உன்மேல் இல்லை. நம்மூர்க் கவியரங்கத்தில் தலைமை தாங்கியவர் பேசியதை நீயும் கேட்டாய். கவிஞன் தனியன், தனக்குள்ளேயே ஊறி எழுதுபவன். ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதுவது வெறும் எதிரொலி, செல்பேசி கொண்டுவந்த சீக்கு என்றார். கைதட்டல் வேறு. பொன்னாடையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததால் எழுந்து மறுக்க முடியவில்லை. அந்தப் பேச்சை நம்பித்தான், பெட்டியைப் பற்றிய உன் கவிதைக்கு உன் தோழி கயல்விழி எழுதிய பதிலைக் காட்டி, “இது காப்பிதானே ஐயா?” என்று கேட்டிருக்கிறாய்.

அவர் அதை எந்த ஊரில் வேண்டுமானாலும் பேசியிருக்கலாம், காரைக்காலில் பேசியிருக்கக் கூடாது. ஆனி மாதம் பிச்சாண்டவர் ஊர்வலத்தில் மாடியிலிருந்து மாங்கனி வீசுகிறோமே, அந்தக் காரைக்கால் அம்மையாரிடமே இதற்குப் பதில் இருக்கிறது. கனியைப் பிடிக்க முண்டியடிப்பவர்களில் எத்தனை பேர் அவர் பாட்டைப் படித்திருக்கிறார்கள் என்று கேட்டால் சண்டைக்கு வருவார்கள், அதை விடு.

அம்மையார் கதையும் பதிகம், அந்தாதி இலக்கணமும் உனக்குத் தெரியும். நீ கவனித்திருக்க மாட்டாய் என்று நான் நினைப்பது ஒன்று உண்டு. திருவாலங்காட்டில் அவர் பாடிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டிலும் பதினோராம் பாட்டில் தம் ஊரைச் சேர்த்துத் தம்மைச் சொல்லிக்கொள்கிறார், பாடுவோர் பெறும் பயனையும் சொல்கிறார். அடுத்த நூற்றாண்டில் சீகாழியிலிருந்து ஒரு பிள்ளை புறப்பட்டுப் பதிகம் பதிகமாகப் பாடியது. அந்தப் பதிகங்களின் கடைசிப் பாட்டைப் பார். காழி ஊர், சம்பந்தன் பெயர், பாடுவோர் பெறும் பயன், எல்லாம் அதே அச்சு. அம்மையாரின் பதிகங்களில் ஒன்றின் பண் நட்டபாடை. சம்பந்தர் பாடிய முதல் பதிகமும் நட்டபாடைதான். தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அந்தப் பிள்ளை அம்மையாரைக் கேட்டு வளர்ந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

சம்பந்தர் ஆலங்காட்டுக்குப் போனபோது, அம்மையார் தலையால் நடந்த மண்ணில் கால் வைக்க அஞ்சி வெளியிலேயே தங்கிவிட்டார் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிறார். இரவில் கனவில் இறைவன் வந்து, எம்மைப் பாட மறந்தாயோ என்று கேட்க, விடிந்ததும் பாடினார். என்ன பாடினார் என்பதுதான் உனக்கு முக்கியம். அம்மையாரின் ஆலங்காட்டில் எட்டி, இலவம், சூரை, வற்றிய பேய்மகள், கொட்டு முழக்கு எல்லாம் உண்டு. சம்பந்தர் அந்தச் சுடுகாட்டை மறுபடி வரைய முயலவில்லை. தூக்கத்தில் வந்து தொழவைத்ததை முதல் பாட்டிலேயே வைத்தார். பக்கத்துப் பழையனூரில் ஒருத்தி வஞ்சித்து உயிர் குடித்த கதையைச் சேர்த்தார். ஊர் அதே ஊர், சாமி அதே சாமி. சரக்கு அவருடையது. இதை எதிரொலி என்று சொல்ல முடியுமா?

இனி நான் வழக்கமாகப் பிடித்துக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். வகுப்பில் இதை ஆரம்பித்தால் மணி அடித்ததும் தெரியாது என்று உன் அக்காமார்கள் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் வீடு கட்டுச் சைவம். திருமுறை இருந்த அலமாரியில் ஆழ்வார்களின் பிரபந்தத்துக்கு இடமில்லை. வேலைக்கு வந்த பிறகுதான் பழைய புத்தகக் கடை ஒன்றில் அதன் இயற்பாப் பகுதி கிடைத்தது. முதல் மூன்று அந்தாதிகளை ஒரே மூச்சில் படித்தேன். பொய்கையார் காஞ்சிக்காரர், பூதத்தார் மல்லைக்காரர், பேயார் மயிலைக்காரர். மழை இரவில் திருக்கோவலூர் இடைகழியில் மூவரும் நெருக்கியடித்து நின்ற கதை உனக்குத் தெரியும். கதையை ஓரமாக வைத்துவிட்டு மூன்று நூல்களின் முதல் வெண்பாக்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

பொய்கையார் விளக்கேற்றுகிறார். அகல் உலகம், நெய் கடல், சுடர் சூரியன். அதற்குமேல் பெரிதாக ஏற்ற இடமில்லை. இரண்டாமவர் என்ன செய்வது? இன்னொரு பெரிய விளக்கு என்று கிளம்பியிருந்தால் தோற்றிருப்பார். பூதத்தார் அதே விளக்கை உள்ளே கொண்டுபோனார். அன்பு அகல், ஆர்வம் நெய், ஞானம் சுடர். இதுவரை எல்லா உரைகாரர்களும் சொல்வார்கள். ஆனால் ஒன்றை எண்ணிப்பார். பொய்கையாரின் விளக்கில் திரி கிடையாது! அகல், நெய், சுடர், மூன்றே மூன்று. பூதத்தார் நாலாவதாகத் திரியைப் போடுகிறார், உருகுகிற சிந்தையை. சூரியனுக்குத் திரி வேண்டாம், அது தானே எரியும். மனத்துக்குள் ஏற்றும் விளக்கு அப்படி எரியாது, அங்கே ஏதோ ஒன்று கரிய வேண்டும். முதலாமவர் பாட்டை அவ்வளவு உன்னிப்பாகக் கேட்டவனுக்குத்தான் அதில் திரி இல்லை என்பது தெரியும், தன் பாட்டில் அது இல்லாமல் முடியாது என்பதும் தெரியும்.

மூன்றாமவர் பேயார். இரண்டு விளக்கு எரிகிற இடத்தில் மூன்றாவது எதற்கு? அவர் ஏற்றவே இல்லை. பார்க்கிறார். திருமகளைக் கண்டேன், பொன்மேனியைக் கண்டேன் என்று வரிசையாகக் கண்டதைச் சொல்கிறார். நடுவே சூரியனும் வருகிறது. ஆனால் அது விளக்கு இல்லை, திருமேனியின் நிறம். பொய்கையார் சுடராக வைத்த சூரியன் பேயாரிடம் வந்து சேரும்போது நிறமாகிவிட்டது. பதில் கவிதையில் இதைவிடக் கடினமான வேலை எனக்குத் தெரியவில்லை. முந்தைய இருவரும் தந்த வெளிச்சத்தை எடுத்துக்கொண்டார், விளக்கைத் தொடவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பண்டிதர்கள் ஒப்ப மாட்டார்கள், நான் விடுவதாக இல்லை. நம் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி 101 வெண்பா. இவர்கள் மூவருடையதும் ஆளுக்கு நூறு வெண்பா, அந்தாதி. அம்மையார் காரைக்காலில் பிறந்தாலும் பாடி அமர்ந்தது ஆலங்காட்டில். ஆலங்காடு, காஞ்சி, மயிலை, மல்லை எல்லாம் ஒரே தொண்டை நாடு. காலமும் அதிகம் விலகவில்லை. சைவம் வைணவம் என்று நாம் இரண்டு அலமாரியில் பிரித்து வைத்திருக்கும் இந்த நான்கு நூல்களும் ஒன்றையொன்று கேட்டிருக்கின்றன என்பது என் கட்சி. சாசனம் காட்டு என்பார்கள். வெண்பாவைக் காட்டுகிறேன், வேறென்ன செய்வது.

சரி, உன் பெட்டிக்கு வருவோம். துபாய்க்குப் போன அத்தாவின் பழைய பெட்டி பரணில் இருக்கிறது, காலி, ஆனாலும் பூட்டியிருக்கிறது, சாவி அடுப்படி ஆணியில் தொங்குகிறது. நல்ல கவிதை. நெடுங்காட்டுக் கயல்விழி அதைப் படித்துவிட்டுத் தன் வீட்டுக் குதிர் பற்றி எழுதினாள். நெல் இல்லாத குதிர். கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, யாருக்கும் அகற்ற மனம் வரவில்லை. இது காப்பி இல்லை அம்மா. உன் வீட்டு வெறுமை ஒருவர் போனதால் வந்தது, அவள் வீட்டு வெறுமை எல்லாரும் இருந்தும் வந்தது. அதை உன் கவிதைக்குப் பக்கத்தில் வைத்தால்தான் அந்த வேறுபாடு தெரியும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. கடைசி வரியில் அவளும் சாவியைத் தொங்கவிட்டிருக்கிறாள். குதிருக்கு ஏது சாவி? அடியில் நெல் வழிய ஒரு துளை, அதை அடைக்க ஒரு துணிச்சுருள், அவ்வளவுதான். நெல்லே இல்லாத குதிரில் அந்தத் துணிச்சுருள் இன்னும் செருகியிருக்கிறதா, எலி இழுத்துக்கொண்டு போய்விட்டதா? அதைப் போய்ப் பார்த்து எழுதச் சொல். உன் கவிதையிலிருந்து எடுத்தது அந்தச் சாவி ஒன்றுதான், அதுவும் அவள் வீட்டில் எதையும் திறக்காது. பூதத்தார் தமக்கு வேண்டிய திரியைச் சேர்த்தார், கயல்விழி தனக்கு வேண்டாத சாவியை வைத்துக்கொண்டாள்.

இதை உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவரும் சொல்லவில்லையே, அதுதான் எனக்கு ஆற்றாமை. நீ காட்டினாய், பார்த்தேன். “அருமை”, “அருமை தோழி”, கைகூப்பு, தீச்சுடர், பிறகு பிறந்தநாள் வாழ்த்து. முப்பது பேர் படித்திருக்கிறீர்கள், ஒருவருக்குக்கூடச் சாவி உறுத்தவில்லையா? இதுவும் செல்பேசியோடு வந்த நோய் என்று நான் சொல்ல மாட்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புத்தகங்களைப் புரட்டு. நூல் தொடங்குமுன் பக்கம் பக்கமாகச் சாத்துகவி இருக்கும். யார் யாரைப் புகழ்ந்தாலும் ஒரே மாதிரி இருக்கும், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் புகழ மறுத்தவர்களும் இருந்தார்கள். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருந்தபோது கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு வந்தார். பிள்ளைக்கு மனம் ஒப்பவில்லை. இலக்கண வழுக்கள் இருந்தன. சேக்கிழார் சொல்லாத வேதியர் ஒருவர் பண்ணையாராக வந்து நந்தனைப் படுத்துகிறார். பிள்ளை முகத்துக்கு நேரே மறுக்கவும் இல்லை, எழுதிக் கொடுக்கவும் இல்லை, நாளைக் கடத்தினார். பாரதியார் விடாமல் வந்தார். ஒரு நாள் பிள்ளை உண்டு படுத்திருந்த நேரம், திண்ணையில் உட்கார்ந்து தம் கீர்த்தனைகளைத் தாமாகவே பாடிக்கொண்டிருந்தார். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை மனம் கரைந்து எழுந்து வந்து பாயிரம் கொடுத்தார். உ.வே.சா. இதை எழுதிவைத்திருக்கிறார்.

எனக்கு இதில் பிள்ளையின் தாமதம்தான் பிடிக்கிறது. முதல் நாளே “அருமை” என்று எழுதித் தள்ளியிருந்தால் அந்தப் பாயிரத்துக்கு ஒரு காசு மதிப்பில்லை. பிள்ளையை உறுத்திய அந்த வேதியர் யார் என்பதையும் யோசி. சேக்கிழாரைப் படித்த ஒருவர், அதில் இல்லாத ஒரு கொடுமைக்காரரைத் தம் காலத்துத் தஞ்சை வயல்வெளியிலிருந்து கொண்டுவந்து நிறுத்துகிறார். பெரியபுராணத்துக்கு எழுதிய பதில் அது. நந்தன் என்றதும் இன்று ஊரார் நினைவுக்கு வருவது அந்தப் பண்ணையார்தான். அந்தக் கீர்த்தனை 1860களின் தொடக்கத்தில் அச்சேறியதற்கு யார் காரணம் தெரியுமா? நம் காரைக்காலில் அதிகாரியாக இருந்த சீசே என்ற பிரெஞ்சுக்காரர். எனக்குத் தெரிந்து அவர் பெயரில் இந்த ஊரில் ஒரு சந்துகூட இல்லை என்பது என் நெடுநாள் குறை.

பாரதிதாசனையும் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அவர் 1909இல் முதன்முதலாக ஆசிரியர் வேலைக்கு வந்தது நம் நிரவிக்குத்தான். புதுச்சேரியில் அவர் பாடிக்காட்டிய ஒரு பாட்டைச் சுப்பிரமணிய பாரதி, தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று குறிப்பெழுதிச் சுதேசமித்திரனுக்கு அனுப்பினார். சக்தியைப் பாடிய பாட்டு அது. பிறகு சீடர் சுயமரியாதை இயக்கத்துக்குப் போய்ச் சக்தியையும் விட்டார், சாமியையும் விட்டார். அப்படி விட்ட பிறகுதான், 1935இல், கவிதைக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் ‘ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்’. ஆசானோடு உடன்படாதவர் ஆசான் போட்ட குறிப்பையே பத்திரிகைப் பெயராக்கினார். மறுத்து எழுதுவதும் பதில்தான் என்பதற்கு இதற்குமேல் சான்று தேட வேண்டாம்.

அதனால் கயல்விழியோடு முறைத்துக்கொள்ளாதே. அவளுக்கு எழுதும்போது சாவியைப் பற்றி மட்டும் சொல், மற்றதைப் புகழாதே. குழுவில் மூன்றாவதாக ஒருத்தி எழுதப்போவதாகச் சொன்னாயே, காலிப் பானை, காலித் தொட்டில் என்று இன்னொரு காலிப் பாத்திரத்தோடு வந்தால் தடுத்துவிடு. பெட்டியும் குதிரும் போதும். இரண்டையும் பார்த்தபின் அவள் வீட்டில் அவளுக்கு எது தெரிகிறதோ அதை எழுதட்டும். எழுதியதும் தாளில் எடுத்து எழுதிக் கொடுத்தனுப்பு. செல்பேசித் திரையில் என்னால் படிக்க முடியவில்லை. வரும்போது இயற்பாவை வாங்கிக்கொண்டு போ. அட்டை கழன்றிருக்கிறது, பக்க மூலையை மடிக்காதே.

அன்புடன்,
உன் தமிழ் ஐயா