எண் வரிசையும் எழுத்து வரிசையும்

அன்புத் தங்கைக்கு,

வியாசர்பாடிக் கால்பந்துப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலுக்காக நீ எழுதிய நிரலைப் பார்த்தேன். கேப்பிட்டல் இசட்டில் தொடங்கும் ஜாகிர் மேலேயும் ஸ்மால் ஏ-யில் தொடங்கும் அருண் கீழேயும் வந்ததால், எல்லாவற்றையும் ஸ்மாலாக்கி ஒப்பிட்டிருக்கிறாய். ஆஸ்கியில் கேப்பிட்டல் இசட் 90, ஸ்மால் ஏ 97. கணினி எண்ணைத்தான் பார்த்தது. அந்த மட்டில் நீ செய்தது சரி.

ஆனால் இடையில் 91 முதல் 96 வரை ஆறு குறிகள் இருக்கின்றன. பிள்ளைகள் லாகின் பெயரில் ஆசையாகப் போடும் அடிக்கோடு 95. ஸ்மாலாக்கி அடுக்கினால் அது எழுத்துகளுக்கு முன்னால் வரும். கேப்பிட்டலாக்கினால் பின்னால் போகும். சர்வர் ஒரு விதமாகவும் போன் இன்னொரு விதமாகவும் அடுக்கினால், அடுக்கிய வரிசையை நம்பித் தேடும் பைனரி சர்ச் இருக்கிற பெயரையே இல்லை என்று சொல்லும்.

தமிழில் கேப்பிட்டல், ஸ்மால் கிடையாது, தொல்லை விட்டது என்று எழுதியிருந்தாய். அங்கேதான் உன்னோடு எனக்கு வழக்கு. அனிதா, அமுதா, அம்பிகா மூவரையும் அடுக்கச் சொல். யூனிகோடு எண்படி இதே வரிசையில் நிற்பார்கள். அகராதிப்படி அம்பிகா, அமுதா, அனிதா. அப்படியே தலைகீழ்! யூனிகோடில் ன, ந-வை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. நமக்கோ அது மெய்களில் கடைசி. புள்ளியின் எண்ணும் துணைக்கால், கொம்பு எல்லாவற்றுக்கும் பிந்தியது. அகராதியிலோ ம் முடிந்த பிறகுதான் ம, மா, மு. ஐசியூ (ICU) என்ற நிரல் நூலகத்தில் தமிழ் வரிசை இருக்கிறது, அதை எடுத்துக்கொள். சொந்தமாக ஒன்று எழுத உட்காராதே. உன் வயதில் அந்த ஆசை வரும்.

ஒப்பீட்டிலும் இந்தக் கூத்து உண்டு. ஸ்ரீ-யை ஸ போட்டும் அடிக்கலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ போட்டும் அடிக்கலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆள் ஒரு ஸ்ரீதர், பட்டியலில் இருவர். கொ-வின் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்திருந்தால் யூனிகோடின் இயல்பாக்கம் சேர்த்துவிடும். ஸ்ரீ-யைச் சேர்க்காது. அதற்கு நீதான் விதி எழுத வேண்டும்.

எழுத்துக்கூட்டல் வேறு சமாசாரம். வியாசர்பாடியையே ஆங்கிலத்தில் வி-க்குப் பிறகு ஐ போட்டு எழுதுகிறவர் உண்டு, ஒய் போட்டு எழுதுகிறவரும் உண்டு. 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்தது. அதே மாதம் திரும்பப் பெற்றுக்கொண்டது. அரசுக்கே கைகூடாததை உன் நிரல் தானாகச் செய்ய வேண்டாம். ஒத்த பெயர்களைச் சந்தேகமாகக் காட்டு, கோச் பார்த்து முடிவு செய்யட்டும். ஒப்பிடுவதற்கான சாவியைத் தனி நெடுவரிசையில் வை. பிள்ளை எழுதிக்கொடுத்த பெயரில் கை வைக்காதே, சான்றிதழில் அதுதான் அச்சாக வேண்டும்.

அந்த மூன்று பெண்களையும் இரண்டு ஸ்ரீதரையும் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, வந்த பட்டியலை எனக்கு அனுப்பும்மா.

இப்படிக்கு,
அக்கா