ஹெப்பகோடிக் குளிருக்கு ஒரு விளையாட்டு அறை: தரையிலிருந்து தொடங்குங்கள்

டிசம்பர் காலையில் பெங்களூரு ஓரத்து ஹெப்பகோடி வீடுகளின் டைல்ஸ் தரையில் வெறுங்காலை வைத்தால் சுருக்கென்கிறது. பெங்களூரு கடல்மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கும் ஊர். மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரியை ஒட்டி இறங்கும். 1884 ஜனவரியில் 7.8 டிகிரி வரை போனதாகப் பதிவு இருக்கிறது. பெரியவர்கள் வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டுக்கொள்கிறோம். குழந்தைகள் தரையிலேயே உட்கார்ந்து, கவிழ்ந்து படுத்து விளையாடுகிறார்கள். அதனால் விளையாட்டு அறையைப் புதுப்பிக்க நினைப்பவர்கள் பொம்மைக் கடைக்குப் போகும் முன் தரையைக் கவனியுங்கள். கையில் 2,000 ரூபாய் இருந்தால் பாதிக்குமேல் தரைக்கே செலவிடலாம் என்பேன்.

முதலில் அறையைக் காலி செய்யுங்கள். ஒரு சனிக்கிழமை காலை எல்லாப் பொம்மைகளையும் ஹாலில் கொட்டி, குழந்தையையும் கூட வைத்துக்கொண்டு பிரியுங்கள்: இப்போது விளையாடுபவை, பரணில் ஏற்ற வேண்டியவை, யாருக்காவது கொடுக்க வேண்டியவை. உடைந்து கூர்மையான பிளாஸ்டிக்கும் பேட்டரி மூடி கழன்ற பொம்மையும் அன்றே வெளியே போகட்டும். சட்டைப் பொத்தான் அளவுள்ள அந்த வட்ட பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும். இதில் சிக்கனமே பார்க்கக் கூடாது. துணிப் பொம்மைகளைக் கை பொறுக்காத வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயவையுங்கள். குளிர்காலத்தில் இருமலையும் இளைப்பையும் தூண்டும் தூசிப்பூச்சிகள் அவற்றில்தான் தங்கும். போகிக்குள் இந்த வேலை முடியட்டும். ஆனால் கழித்த பிளாஸ்டிக்கை மட்டும் போகித் தீயில் போடாதீர்கள்.

அறை காலியாக இருக்கும்போதே அலமாரிக்குப் பின்னால் பாருங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் சுவர் ஓதம் ஏறிப் பூசணம் பிடித்திருக்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, மின்விசிறி போட்டு உலர்த்தி, அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். உயரமான அலமாரி என்றால் எல் பிராக்கெட் போட்டுச் சுவரோடு முடுக்குவது அவசியம்; குழந்தைகள் ஏறுவார்கள்.

அடுத்தது வெயில். இந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், கோடையில் வெயிலே படாத தெற்கு ஜன்னலிலும் இப்போது நல்ல வெயில் விழும். விளையாடும் இடத்தை அங்கே நகர்த்துங்கள். கிழக்கு ஜன்னல்தான் உண்டென்றால் காலை நேரத்துக்கு அதுவும் போதும். கனத்த திரையைக் கழற்றி வெளுத்த பருத்தித் துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள். பகலெல்லாம் ஜன்னல் திறந்திருக்கட்டும், மாலை ஐந்தரைக்குக் கொசுவுக்கு முன்னால் சாத்திவிடுங்கள்.

இனி தரை. கதகதப்பைத் தருவது துணியின் விலை அல்ல, அடுக்குகளுக்கு நடுவே தங்கும் காற்று. மளிகைக் கடையில் கேட்டால் பெரிய அட்டைப்பெட்டிகள் சும்மாவே கிடைக்கும். பிரித்து விரித்து, ஓரங்களை டேப் போட்டு ஒட்டினால் அடி அடுக்கு தயார். அதன்மேல் கோரைப்பாய் அல்லது ஃபோம் மேட். புது ஃபோம் மேட்டில் வாடை அடித்தால் இரண்டு நாள் பால்கனியில் காற்றாடவிடுங்கள். கடித்துத் தின்னும் வயதுக் குழந்தை இருந்தால் எழுத்து எழுத்தாகக் கழன்று வரும் மேட் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே பருத்தித் துணி. ஊருக்குப் போய்வரும்போது பவானி ஜமக்காளம் ஒன்று எடுத்து வந்தால் பல வருடம் உழைக்கும். அதைவிடச் செலவு குறைந்தது கௌதி. வடகர்நாடகப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, கையாலேயே ஓட்டுத் தையல் போட்டு உருவாக்கும் மெத்தை விரிப்பு இது. உங்கள் தெருவிலேயே அந்தப் பக்கத்துக் குடும்பம் இருக்கலாம். பழைய புடவையும் தையல் கூலியும் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். அம்மாவின் புடவை வாசனையோடு ஒரு விரிப்பு குழந்தைக்குக் கிடைப்பது எந்தக் கடையிலும் வாங்க முடியாதது.

வாரம் ஒரு முறை மொத்தத்தையும் தூக்கி அடியில் பெருக்குங்கள். அட்டையை மாதம் ஒரு முறை மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சி சேரும்.

சுவருக்கு அதிகம் வேண்டாம். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரைக் கேட்டு ஒரே ஒரு சுவருக்கு மட்டும், மழை முழுசாக விட்டபிறகு வண்ணம் அடிக்கலாம். 2017 நவம்பர் முதல் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். டின்னில் அது அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதற்கு முன்னால் பெயிண்ட் அடித்த பழைய மேசை, தொட்டிலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தத் தூளில் ஈயம் இருக்கக்கூடும்.

பொம்மைகளில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெளியே வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பரணில் இருப்பதோடு மாற்றுங்கள், பழையதே புதிதாகிவிடும். பல்லாங்குழியும் தாயமும் சொப்புச் சாமானும் உட்கார்ந்து ஆடும் குளிர்கால ஆட்டங்களுக்கு மிகப் பொருத்தம். புதிதாக ஒன்று வாங்கத்தான் வேண்டுமென்றால் சன்னபட்டணத்து மரப் பொம்மையைச் சொல்வேன். வெப்பாலை மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றியது, முனை கிடையாது. ஆலையில் செய்த பொம்மை என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், 2021 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். கன்னடக் கார்த்திகை மாதக் கடைசித் திங்களன்று பசவனகுடியில் கூடும் கடலைக்காய்ப் பரிசைத் திருவிழாவிலும் பொம்மைக் கடைகள் உண்டு. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ வந்தபிறகு ஹெப்பகோடியிலிருந்தே ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி, நேஷனல் காலேஜில் இறங்கிவிடலாம்.

கம்பி சிவக்கும் ஹீட்டர் இந்த அறைக்குள் வரவே கூடாது. இந்த ஊர்க் குளிருக்கு அது தேவையும் இல்லை. சாக்ஸும் ஸ்வெட்டரும் போதும். கதவைச் சாத்திக்கொண்டு கொசுவத்தி கொளுத்துவதும் வேண்டாம், வலை கட்டுங்கள்.

பிப்ரவரி பாதியில் வெயில் சுடத் தொடங்கியதும் கௌதியைத் துவைத்து, மொறமொறவென்று காயவைத்து, காய்ந்த வேப்பிலை போட்டு மடித்து வையுங்கள். ரசகற்பூர உருண்டை போடாதீர்கள். குழந்தைகள் அதை மிட்டாய் என்று வாயில் வைத்துவிடுவார்கள்.