மூடிய கையைத் திறக்கும் வழி

சினம் எழுவதற்கும் கை ஓங்குவதற்கும் இடையே ஒரு சிறு கணம் உண்டு. மனிதனின் விவேகம் வாழும் இடம் அதுவே. அக்கணம் தவறிப்போனதால் சிறையில் முடிந்த இளமைகள் எத்தனையோ! அக்கணத்தைப் பயன்படுத்தும் ஆற்றலைப் பயிற்சியால் பெற முடியுமா என்பதை அமெரிக்காவின் சிகாகோ நகரம் சோதித்துப் பார்த்தது.

அந்நகரின் தெற்கிலும் மேற்கிலும் உள்ள பல குடியிருப்புகளுக்கு ஒரு காலத்தில் இரும்பாலைகளும் தொழிற்சாலைகளும் சோறிட்டன. அவை மூடப்பட்டதும் வசதியுள்ளோர் வெளியேறினர். எஞ்சியோரிடையே வேலையின்மையும் துப்பாக்கியும் பெருகின. அங்கு வளரும் சிறுவர்களுக்காக 'யூத் கைடன்ஸ்' என்னும் தொண்டு நிறுவனம் 2001-இல் 'பிகமிங் எ மேன்' என்ற பயிற்சியைத் தொடங்கியது. 'நல்ல ஆண்மகனாக வளர்தல்' என்பது அதன் கருத்து.

பந்து கற்பிக்கும் பாடம்

மாணவர்கள் இருவர் இருவராகப் பிரிக்கப்படுகின்றனர். ஒருவன் கையில் ஒரு பந்து. அதை முப்பது விநாடிகளுக்குள் அவன் கையிலிருந்து பெற வேண்டும் என்று மற்றவனிடம் கூறப்படுகிறது. உடனே இழுபறியும் மல்லுக்கட்டும் தொடங்குகின்றன. பிறகு வழிகாட்டி, "பந்தைத் தரும்படி ஏன் யாருமே கேட்கவில்லை?" என்கிறார். கேட்டால் தரமாட்டான், கோழை என்று நினைப்பான் என்பது மாணவர்களின் பதில். பந்தை வைத்திருந்தவனைக் கேட்டால், கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்கிறான்!

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'ஒருபோதும் எதிர்க்காதே' என்று இப்பயிற்சி உபதேசிப்பதில்லை. அஞ்சிப் பின்வாங்குபவனை மீண்டும் மீண்டும் தாக்கும் தெருவில் அந்த உபதேசம் செல்லாது. ஆனால் தெருவில் அவனைக் காக்கும் அதே பழக்கம், வகுப்பறையில் ஆசிரியர் கண்டிக்கும்போதும் தானாகவே எழுந்தால் அவன் வாழ்வைக் கெடுத்துவிடும். எனவே, 'இது எந்த இடம்? எதிரில் இருப்பவர் உண்மையில் என்ன நினைக்கிறார்?' என்று ஒரு கணம் நின்று பார்க்கக் கற்பிக்கின்றனர்.

சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் மாணவர்களைத் தேர்ந்து, பயிற்சி பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிட்டனர். இரண்டு ஆய்வுகளில், பயிற்சிக் காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் 45 முதல் 50 சதவிகிதம் வரை குறைந்திருந்தன. முதல் ஆய்வில் பள்ளிப் படிப்பை முடித்தோரும் அதிகரித்தனர். எனினும் கைதுகளில் காணப்பட்ட வேறுபாடு பயிற்சி நின்றபின் பெரிதும் நீடிக்கவில்லை. தினமும் துலக்கும் பாத்திரமே பளபளக்கும், மனமும் அப்படியே.

பொறுப்பு தரும் பண்பு

இளைஞனுக்குப் பொறுப்பும் தேவை. 2012-ஆம் ஆண்டுக் கோடையில், வன்முறை மிகுந்த பகுதிகளின் 13 பள்ளிகளைச் சேர்ந்த 1,634 மாணவர்களைக் கொண்டு மற்றோர் ஆய்வு நடந்தது. குலுக்கலில் தேர்வானோருக்கு எட்டு வாரங்கள், வாரம் 25 மணி நேரம், குறைந்தபட்ச ஊதியத்துடன் வேலை தரப்பட்டது. துணைக்கு ஒரு மூத்த வழிகாட்டியும் இருந்தார். பதினாறு மாதங்களில், வேலை பெறாதோரைவிட இவர்களிடையே வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் 43 சதவிகிதம் குறைவு. இதில் பெரும்பகுதி, வேலை முடிந்த பிறகு நிகழ்ந்தது என்பதே வியப்பு. ஆகவே நேரத்தை அடைத்து வைத்ததால் மட்டும் வந்த பயன் அன்று இது. உழைப்பு அவர்களுள் ஏதோ ஒன்றை மாற்றியிருக்கிறது.

விரிய வேண்டியது எது?

இத்தகைய பணிகளை மேலும் பல பகுதிகளுக்கு விரிவாக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டடத்தையும் பாடத்திட்டத்தையும் பெருக்குவதுபோல் நல்ல வழிகாட்டிகளைப் பெருக்கிவிட முடியாது. வாரந்தோறும் தவறாமல் வந்து, சிறுவன் சொல்வதை இகழாமல் கேட்கும் பெரியவர் ஒருவர் வேண்டும். அவர் இல்லையேல் பந்து வெறும் விளையாட்டுப் பொருளே. நம் நாட்டு நகரங்களிலும் இத்தகைய ஒருவருக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள் இருக்கின்றனர்.

சிந்தனைக்கு:

1. கேட்டுப் பெறக்கூடியதை நாம் எங்கெல்லாம் பிடுங்கிப் பெற முயல்கிறோம்?

2. பிறர் எண்ணத்தை விசாரிக்காமலேயே தீர்மானித்துச் சினம் கொண்டது எப்போது?

3. நம் பகுதியில் உள்ள ஓர் இளைஞனுக்கு வாரம் ஒரு மணி நேரம் தர நம்மால் இயலுமா?