வட்டுகளுக்கும் பிரிவுகளுக்கும் எண்ணிடும் முறை

கணிப்பொறியை இயக்கியவுடன், இயக்க முறைமையை வட்டிலிருந்து நினைவகத்திற்குக் கொணர்வது தொடக்க ஏற்றியின் பணியாகும். 'கிரப்' என்னும் ஏற்றி வட்டுகளைச் சுழியிலிருந்து எண்ணுகிறது: முதல் வட்டு 'எச்டி0', இரண்டாவது 'எச்டி1'. வட்டின் பிரிவுகளையோ பழைய கிரப் சுழியிலிருந்தும், கிரப்-2 ஒன்றிலிருந்தும் எண்ணும். ஆகவே, முதல் வட்டின் முதற் பிரிவு பழையதில் (எச்டி0,0), புதியதில் (எச்டி0,1). பழைய குறிப்பேட்டில் (எச்டி0,1) என்றிருப்பது இரண்டாம் பிரிவு. அதனை அப்படியே கிரப்-2இல் எழுதினால், ஏற்றி முதற் பிரிவையே நாடும். அங்கு இயக்க முறைமை இராவிடில் கணிப்பொறி இயங்காது நின்றுவிடும்.

மற்றொரு வட்டை இணைப்பின் வட்டின் எண்ணும் மாறக்கூடும். மீண்டும் வடிவமைக்காத வரையில் மாறாதது, பிரிவிற்குரிய தனி அடையாள எண்ணே. அதனைக் கொண்டு தேடச் செய்தலே நன்று. ஐயம் எழின், ஏற்றியின் கட்டளை வரியில் 'எல்எஸ்' என எழுதி, உள்ள வட்டுகளையும் பிரிவுகளையும் முதலிற் கண்டறிக.