குழாயில் ஒட்டிய பெயர்

பழவங்காடிப் பிள்ளையாரைத் தொழுதுவிட்டு வரும்போது நம் சங்க அன்பர் ஒருவர் கேட்டார்: "இப்போது இரத்தப் பரிசோதனையெல்லாம் ரோபோ செய்கிறதாமே, இனி தவறே வராதல்லவா?" இரயில்வே சிக்னல் பிரிவில் காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

சிக்னல் தரும் பாடம்

தண்டவாளம் பிரியும் இடத்தை நாங்கள் 'பாயிண்ட்' என்போம். அதை நகர்த்த மோட்டாருக்கு ஆணை போனால் மட்டும் போதாது. நகர்ந்து, ஒட்டி, பூட்டிக்கொண்டது என்ற மறுமொழி வந்தால்தான் சிக்னல் பச்சையாகும். இதைச் சோதிக்க இடையே 5 மி.மீ. கனமுள்ள தகட்டை வைப்போம். அப்போது பூட்டு விழக்கூடாது. சிக்னல் சிவப்பாகவே நிற்க வேண்டும். ஆணை, மறுமொழி, பிறகே அடுத்த வேலை. தானியங்கிகள் எல்லாவற்றுக்கும் இதுவே பாலபாடம்.

ஆய்வகத்தில்

அமெரிக்க உயிர்வேதியியல் அறிஞர் லியோனார்ட் ஸ்கெக்ஸ் உருவாக்கிய 'ஆட்டோ அனலைசர்' 1957-இல் விற்பனைக்கு வந்தது. அதில் மெல்லிய குழாய் வழியே பலருடைய மாதிரிகள் வரிசையாக ஓடும். அவை கலந்துவிடாமல் இடையிடையே காற்றுக் குமிழிகள் விடப்பட்டன. இரண்டு வண்டிகளுக்கு நடுவே நாங்கள் விடும் இடைவெளியைப் போல! 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் கோச்சி மருத்துவக் கல்லூரியில் (நம் கொச்சி அல்ல) டாக்டர் மசாஹிதே சசாகி, நகரும் பட்டைகளையும் இயந்திரக் கைகளையும் இணைத்து ஆய்வகம் முழுவதையும் தானியங்கியாக்கினார். இன்று குழாயில் ஒட்டிய பட்டைக்கோட்டைப் படித்து இயந்திரமே வேலையைப் பிரித்துக்கொள்கிறது.

ஆனால் இயந்திரம் படிப்பது சீட்டைத்தான். உள்ளே இருப்பது யார் இரத்தம் என்பது அதற்குத் தெரியாது. ஆய்வகத் தவறுகளில் பெரும்பாலானவை மாதிரி இயந்திரத்துக்குள் போகும் முன்பே நேர்கின்றன.

என் மனைவிக்கு ஒருமுறை சர்க்கரை 342 என்று அறிக்கை வந்தது. மாத்திரை தொடங்கும் முன் மறுபடி பார்த்தோம், 98! நடந்தது இதுதான்: அன்று அங்கே இரண்டு 'எஸ். லட்சுமி'கள். "லட்சுமி அல்லே?" என்று கேட்டார்கள், இவளும் தலையாட்டிவிட்டாள். பதிலையும் உள்ளே வைத்துக் கேட்கும் கேள்வி மறுமொழி ஆகாது. ஆகவே இனிஷியலை விரித்து முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் நாமே சொல்ல வேண்டும். நம் கண்முன் குழாயில் சீட்டு ஒட்டப்படுவதையும் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி

விடுமுறையில் ஓர் ஆர்டுயினோ பலகை, ஒரு சிறு செர்வோ மோட்டார், ஓர் அகச்சிவப்பு உணரி வாங்கிக் கொடுங்கள். ஒரு பேனா மூடியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தள்ளும் கை ஒன்றைச் செய்யட்டும். மூடி போய்ச் சேர்ந்ததை உணரி கண்டால் மட்டும் பச்சை விளக்கு எரிய வேண்டும். செய்து முடித்ததும் அவர்கள் அறியாமல் மூடியை எடுத்துவிடுங்கள். பச்சை எரிந்தால் வேலை இன்னும் முடியவில்லை. சிவப்பிலேயே நின்றால் பிள்ளையின் முதுகைத் தட்டிக் கொடுங்கள்.